டேங்க் க்ளீனர் எங்கே போகிறது? கொளத்தூர் கடையிலிருந்து ஏரிக்கரை வரை

சென்னை பாடியிலிருந்து மாதவரம் போகும் நூறடிச் சாலையில் ரெட்டேரி சந்திப்பைத் தெரியாதவர்கள் குறைவு. இரட்டை ஏரி என்ற பெயர்தான் பேச்சில் ரெட்டேரி ஆகிவிட்டது. ஏரி இன்னும் இருக்கிறது. கரையைச் சுற்றி வீடுகளும் இருக்கின்றன. அங்கிருந்து கொளத்தூர் பக்கம் திரும்பினால் காட்சி மாறும். கடை வாசல்தோறும் கண்ணாடித் தொட்டிகள், கம்பியில் வரிசையாகத் தொங்கும் பாலித்தீன் பைகள், அவற்றுக்குள் கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர், தங்கமீன். நாட்டின் பல ஊர்களுக்கு வண்ண மீன் அனுப்பும் தெருக்கள் இவை.

பெரிய சாலையில் தெரிவது வியாபாரம் மட்டும்தான். உற்பத்தி சந்துகளுக்குள் நடக்கிறது. மொட்டை மாடியிலும் வீட்டுப் பின்கட்டிலும் சிமென்ட் தொட்டிகள் கட்டி, நிழல்வலை போட்டு, குடும்பத்தோடு மீன் வளர்ப்பவர்கள் இங்கே நிறைய. பெண்கள் கை அதிகம் உள்ள தொழில் இது. குஞ்சு பிரிப்பது, புழு அலசுவது, நீர் மாற்றுவது எல்லாம் வீட்டு வேலையோடு வேலையாக நடக்கும். கொளத்தூரில் தொடங்கிய இந்தத் தொழில் மாதவரம், புழல், செங்குன்றம் என்று வடக்கே பரவி, நிலம் உள்ள இடங்களில் மண் குளங்களாகவும் மாறியிருக்கிறது.

இந்தக் கடைகளில் தங்கமீனும் கப்பியும் கண்ணைக் கவரும். ஆனால், ஒவ்வொரு தொட்டியின் மூலையிலும் கண்ணாடியோடு வாயை ஒட்டிக்கொண்டு, கறுப்பும் பழுப்புமாக ஒரு மீன் அசையாமல் கிடக்கும். அதற்கு யாரும் தனித் தொட்டி வைப்பதில்லை. புதிதாகத் தொட்டி வாங்க வருபவர் கடைசியில் பணம் கொடுக்கும்போதுதான் அதன் பேச்சே வரும். ‘டேங்க் க்ளீனர் ஒண்ணு போட்டுக்கங்க, பாசியெல்லாம் அதுவே சாப்பிட்டுடும்.’ விரல் நீளம், சில பத்து ரூபாய் விலை. சிலர் ‘சக்கர் ஃபிஷ்’ என்பார்கள். வேண்டுமென்று தேடி வாங்கியவர்கள் குறைவு. கொசுறுபோலக் கூடவே வீட்டுக்குப் போகும் மீன் இது.

நம் ஊர் கெளுத்திக்கு இது தூரத்துச் சொந்தம். கெளுத்திக்கு வழவழப்பான தோல், நீண்ட மீசை. இதற்கோ தலையிலிருந்து வால் வரை எலும்புத் தகடுகள், ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். லாரிகாரிடே என்பது குடும்பப் பெயர். மார்புக் கவசத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கடைகளில் ‘ப்ளெக்கோஸ்டோமஸ்’ அல்லது சுருக்கமாக ‘ப்ளெக்கோ’ என்றுதான் எழுதி வைப்பார்கள். இந்தியக் கடைகளில் பெரும்பாலும் விற்பது டெரிகோப்ளிக்திஸ் என்ற வேறு பேரினம். அடையாளம் காண்பது எளிது. முதுகுத் துடுப்பை விரித்து, முன்னால் உள்ள முள்ளை விட்டுவிட்டு, பின்னால் உள்ள கதிர்களை எண்ணிப் பாருங்கள். பத்தும் அதற்கு மேலுமாக, பாய்மரம்போல விரிந்தால் டெரிகோப்ளிக்திஸ். உண்மையான ப்ளெக்கோஸ்டோமஸுக்கு ஏழு கதிர்கள் போல இருக்கும்.

கடையில் விளக்கு வெளிச்சம் படும்போது அதன் கண்ணையும் கவனிக்கலாம். கண்ணின் மேல் பக்கத்திலிருந்து ஒரு மடல் இறங்கிக் கண்மணியை மறைக்கும். நடுவே ‘ப’ எழுத்துபோல ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். இருட்டில் அந்த மடல் சுருங்கி, கண் முழுதாகத் திறந்துகொள்ளும். இது இரவில் மேயும் மீன். பகலில் பார்த்து ‘சோம்பேறி’ என்று முடிவு கட்டக் கூடாது.

விரல் நீளம் முழங்கை நீளமாகும்போது

வாங்கிய ஓரிரு ஆண்டில் அது ஓரடியைத் தொட்டுவிடும். நல்ல இடமும் தீனியும் கிடைத்தால் 40 முதல் 50 சென்டிமீட்டர் வரை வளரும். பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இரண்டடித் தொட்டியில் போட்டது திரும்பவே முடியாமல் நிற்கும்.

‘தொட்டியைச் சுத்தம் செய்யும்’ என்ற பேச்சிலும் பாதிதான் உண்மை. சின்னக் குஞ்சாக இருக்கும்போது கண்ணாடிப் பாசியைச் சுரண்டித் தின்னும். ஆனால், மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. மாறாக, தானே ஏராளமாகக் கழிவு போடும். பாசியும் அழுகலும் தின்னும் மீனுக்கு நீளமான குடல் தேவை. இதன் குடல் உடல் நீளத்தைப்போலப் பல மடங்கு, வயிற்றுக்குள் முறுக்குபோலச் சுற்றிக் கிடக்கும். தின்றது அவ்வளவும் நூல் நூலாக வெளியே வந்து தரையில் படியும். வளர்ந்த பிறகு பசி எடுத்தால், தங்கமீன் போன்ற மெதுவாக நீந்தும் மீன்களின் பக்கவாட்டில் ஒட்டி, உடம்பின் கோழையைச் சுரண்டுவதும் உண்டு. சுத்தம் செய்ய வாங்கிய மீனால் வாரத்துக்கு ஒருமுறை நீர் மாற்றும் வேலை கூடுமே தவிரக் குறையாது.

இதையும் மீறி வளர்ப்பேன் என்பவர்களுக்குக் கொளத்தூர் அனுபவம் சொல்லும் கணக்கு இது. ஒரு பெரிய மீனுக்கு ஐந்து, ஆறடி நீளத் தொட்டி, குறைந்தது 400 லிட்டர் நீர், நல்ல வடிகட்டி. நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரிக்குள். வாரம் கால் பங்கு நீர் மாற்ற வேண்டும். குழாய் நீரென்றால் குளோரின் போன பிறகே ஊற்ற வேண்டும். பாசி மட்டும் போதாது. விளக்கை அணைத்த பிறகு வெள்ளரித் துண்டு, வெந்நீரில் முக்கிய கீரை, சுரைக்காய், மூழ்கும் குச்சித் தீவனம் போடலாம். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும். ஒளிந்துகொள்ள அகலமான குழாயோ மரக்கட்டையோ வேண்டும். பிடிக்கும்போது வலை போடாதீர்கள். துடுப்பு முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் மாட்டினால் வலையைத்தான் வெட்ட வேண்டியிருக்கும். வாளியால் நீரோடு மொண்டு எடுப்பதே சரி. கடைக்காரர்கள் இதை மட்டும் இரண்டு பைகளாகப் போட்டுக் கட்டுவதற்கும் அந்த முள்தான் காரணம்.

ஆறடித் தொட்டி வைக்கும் வீடுகள் எத்தனை? தொட்டி போதாதபோது பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். கொன்றுவிட மனம் வராது. வாளியில் போட்டு அருகிலுள்ள ஏரியிலோ கால்வாயிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுவார்கள். புண்ணியம் என்ற நினைப்பு வேறு. சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் வலை வீசுபவர்களுக்கு இந்தக் கவச மீன் இன்று புதிதல்ல. மனிதர்கள் விடாமலும் அது போய்விடலாம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் தெருவும் வீடும் ஒரே நீராகக் கிடந்தன. அப்படி ஒரு நாளில் மீன் தொட்டிக்கும் ஏரிக்கும் நடுவே வரப்பு ஏது? 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்து ஆறுகளில் அரபைமா, அலிகேட்டர் கார் போன்ற அயல் மீன்கள் வலையில் சிக்கியதும் இதே கதைதான்.

வறண்டாலும் சாகாத மீன்

இந்த மீனின் தாய்நாடு தென் அமெரிக்கா. அமேசான், ஒரினோகோ, பரானா ஆறுகளின் படுகைகள். பிரேசிலின் மனாவுஸ் நகரத்தருகே அமேசான் நீர் ஆண்டுக்கு ஆண்டு சுமார் பத்து மீட்டர் ஏறி இறங்கும். ஏறும்போது காடே மூழ்கும். இறங்கும்போது குட்டைகள் தனித்தனியாகத் துண்டாகி, நீர் சூடாகி, ஆக்சிஜன் தீர்ந்து, சேறாகும். அந்தச் சேற்றைத் தாண்டி அடுத்த வெள்ளம் வரை பிழைத்திருக்க இந்த மீன் இரண்டு வழிகளைப் பழகியிருக்கிறது.

ஒன்று, காற்றை விழுங்குவது. செவுளால் மட்டும் மூச்சுவிட முடியாதபோது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, இரத்தக் குழாய்கள் நிறைந்த தன் இரைப்பைச் சுவர் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஈரம் இருந்தால் நீருக்கு வெளியே ஒரு நாள் முழுக்கக்கூடத் தாங்கும்.

இரண்டாவது, வளை. களிமண் கரையில் ஆண் மீன் குடைந்து உள்ளே போகும். ஒரு மீட்டர், அதற்கு மேலும் நீளும் அந்த வளை கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால், வெளியே நீர் வடிந்தாலும் உள்ளே நீர் தங்கும். பெண் அங்கேதான் முட்டையிடும். சில நூறிலிருந்து மூவாயிரம் வரை. இட்டுவிட்டு அது போய்விடும். ஆண் மீன்தான் வாசலில் படுத்து, துடுப்பால் விசிறி, குஞ்சு பொரிக்கும் வரை காவல் இருக்கும். கட்லாவும் ரோகுவும் லட்சக்கணக்கில் முட்டையிட்டாலும் காவல் காப்பதில்லை. இது கொஞ்சமாக இட்டுப் பெரும்பாலானதைக் காப்பாற்றிவிடும்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டு ஏரியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து, சித்திரை, வைகாசியில் வறண்டு வெடிக்கும் ஏரிகள் நம்முடையவை. அந்த வறட்சியே இத்தனை நாளும் வேண்டாத பெரிய மீன்களைக் கழித்து வந்தது. ஏரி வற்றினால் எந்த அயல் மீனும் தங்காது என்பது பலரின் தைரியம். ஆனால், நீர் வற்றுவதைத் தாண்டவே பழகிய மீன் ஒன்று இப்போது உள்ளே வந்திருக்கிறது. நம் கோடை அதற்குப் பழகிய கோடை. குளிர்தான் இதற்கு ஆகாது. நீர் பத்து டிகிரிக்குக் கிட்டே போனால் செத்துவிடும். அப்படி ஒரு மார்கழி சென்னைக்கு வரப் போவதில்லை.

அமேசானில் இது தொல்லையே இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. அங்கே கெய்மன் முதலையும் நீர்நாயும் பெரிய கெளுத்திகளும் தின்கின்றன, மனிதர்களும் தின்கிறார்கள். ‘அகாரி’, ‘போடோ’ என்று சந்தையில் உயிரோடு விற்பார்கள். ஓட்டோடு நெருப்பில் சுட்டு, ஓட்டை உடைத்துச் சதையை எடுத்துத் தின்பார்கள். சாந்தரேம் பகுதியில் சதையை உதிர்த்து, வறுத்து, ‘பிரக்குயி’ என்ற மீன் மாவாக்கி மாதக்கணக்கில் வைத்துக்கொள்வதும் உண்டு. நம் கருவாட்டுப் பொடிக்கு அண்ணன் முறை.

அயல் நாடுகளில் கதை வேறு. மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றில் இன்ஃபியர்னியோ என்ற பெரிய அணை நீர்த்தேக்கம் உண்டு. ஜிலேபி மீன் பிடித்துப் பிழைத்த ஊர்கள் அதைச் சுற்றி நிறைய. 2000-களின் தொடக்கத்தில் அங்கே வலையை இழுத்தால் ஜிலேபிக்குப் பதில் இந்தக் கவச மீன்களே நிறைந்து வந்தன. வலை கிழிந்தது, விற்க ஆளில்லை, பலர் தொழிலையே விட்டார்கள். பிலிப்பைன்ஸின் லகுனா ஏரியில் இதற்கு ‘ஜானிட்டர் ஃபிஷ்’ என்று பெயர். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வளைகள் சேர்ந்து கால்வாய்க் கரைகள் சரிகின்றன. இதை விழுங்கப் போன கூழைக்கடாக்கள் முள் தொண்டையில் சிக்கிச் செத்திருக்கின்றன. வங்கதேசம் 2023-ல் இதைத் தடையே செய்துவிட்டது.

இந்தியாவில் கிழக்கு கொல்கத்தாவின் கழிவுநீர் மீன் குளங்களிலும், ஆந்திராவின் மீன் பண்ணைகளிலும், கேரளத்தின் கால்வாய்களிலும் இது குடியேறியிருக்கிறது. ஆந்திரா, தெலங்கானாவில் இதை ‘டெவில் ஃபிஷ்’ என்கிறார்கள். நீரில் கலந்திருக்கும் மரபணுத் துணுக்குகளை வைத்தே இது இருக்கிறதா என்று கண்டறியும் முறையை ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. ஆய்வு மையம் உருவாக்கியிருக்கிறது.

பண்ணைக்குட்டைக்கு வந்தால்

‘பண்ணைக்குட்டையில பாசி பிடிச்சிருக்கு, நாலு டேங்க் க்ளீனர் விட்டா சுத்தமாயிடுமா?’ கொளத்தூருக்கு மீன் குஞ்சு வாங்க வரும் விவசாயிகள் கடையில் கேட்கும் கேள்வி இது. விடக் கூடாது. பண்ணைக்குட்டையின் பச்சை நிறம் பெரும்பாலும் நீரில் மிதக்கும் நுண்பாசியால் வருவது. ஒட்டிச் சுரண்டும் வாயால் அதைத் தின்ன முடியாது. அந்த வேலைக்கு வெள்ளிக் கெண்டை இருக்கிறது. இந்த மீன் தின்பது அடியில் படியும் மக்கும், கல்லிலும் தண்டிலும் ஒட்டிய பாசியும். அது மிர்காலுக்கும் ரோகுவுக்கும் போக வேண்டிய பங்கு. தரையைச் சுரண்டும்போது அங்கே ஒட்டியிருக்கும் மற்ற மீன்களின் முட்டையும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் கரையில். மண் கரையில் வளை விழுந்தால் என்ன ஆகும் என்று நண்டு வளையும் எலி வளையும் பார்த்த விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே கைமுஷ்டியைவிடப் பெரிய ஓட்டைகள் அருகருகே தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மாலையில் நீர்ப்பரப்பில் குபுக்கென்று வந்து மறையும் மீனும் ஓர் அடையாளம். ஆனால் விராலும் அப்படித்தான் வரும், அதை மட்டும் நம்ப முடியாது.

வந்துவிட்டால் கோடையில் குட்டையை முழுதாக வற்றவைப்பதுதான் ஒரே நல்ல வாய்ப்பு. வற்றவிட்டால் மட்டும் போதாது. வளைகளை மண்வெட்டியால் திறந்து, உள்ளே இருப்பதைக் கையுறை போட்டு எடுக்க வேண்டும். முட்டைத் திரளும் கிடைக்கும். அதற்குப் பிறகு கரையை இடித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். முழுதாக வற்றாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு இருக்கிறது: ஒரு மீட்டர் ஆழ நீருக்கு எக்டேருக்கு 2,500 கிலோ என்பது மீன் வளர்ப்பில் வழக்கமான அளவு. போட்ட பிறகு மூன்று வாரம் கழித்தே குஞ்சு விட வேண்டும். இதற்கும் முன்னால் வளைகளை வெட்டித் திறந்தே ஆக வேண்டும். வளைக்குள் பதுங்கியிருப்பவற்றுக்கு மருந்து சரியாகப் போய்ச் சேராது. அடுத்த மழைக்கு முன் வரத்துக்கால் வாயில் நெருக்கமான கண்ணுள்ள வலை கட்ட வேண்டும். ஏரிப் பாசனத்திலிருந்து நீர் எடுப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. வாங்கி வரும் கெண்டைக் குஞ்சுகளைப் பையோடு கொட்டாமல், வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்து விடுவதும் நல்லது.

எடுத்த மீனைக் கரையில் வீசிவிட்டுப் போனால் இரவில் ஈரத்தில் நெளிந்து திரும்பிவிடும். வெட்டி, சம அளவு வெல்லம் சேர்த்து மீன் அமிலம் தயாரிக்கலாம். ஓடு சீக்கிரம் கரையாது என்பதால் வடிகட்டி எடுக்க வேண்டும். சுத்தமான நீரில் பிடித்தவற்றுக்குத்தான் இது பொருந்தும். கழிவுநீர்க் கால்வாயில் கிடந்த மீனின் உடலில் கன உலோகங்கள் சேர்ந்திருக்கும். அதை உண்ணவும் வேண்டாம், காய்கறிக்கு உரமாக்கவும் வேண்டாம். ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள்.

பாசி தின்னும் மீன்தான் வேண்டும் என்று தொட்டி வைப்பவர்களுக்குக் கொளத்தூர்க் கடைகளிலேயே மாற்று இருக்கிறது. ‘பிரிஸ்ட்டில் நோஸ்’ என்று கேளுங்கள். அன்சிஸ்ட்ரஸ் பேரினத்தைச் சேர்ந்த இது, அதே கவசக் குடும்பத்தின் சின்னப் பங்காளி. 10 முதல் 15 சென்டிமீட்டரோடு வளர்ச்சி நின்றுவிடும். ஆணின் மூக்கில் முட்கொம்புபோல மீசைகள் கிளைத்திருக்கும்; பெண்ணுக்கு அது இருக்காது அல்லது சின்னதாக இருக்கும். 100 லிட்டர் தொட்டி போதும். விலை கொஞ்சம் கூட. ஆனால், வீட்டிலேயே குஞ்சு எடுக்கலாம் என்பதால் சிறு வருமானம் பார்ப்பவர்களுக்கு இது நல்ல மீன். இரண்டு அங்குல பி.வி.சி. குழாயை ஒரு முனை அடைத்துப் போட்டால், ஆண் அதற்குள் புகுந்துகொள்ளும். ஆரஞ்சு நிற முட்டைகளைக் காத்து ஒரு வாரத்துக்குள் பொரித்துத் தரும். ஒரு மரக்கட்டையும் தொட்டியில் கிடக்கட்டும்; அதையும் சுரண்டும். குஞ்சுகளுக்கு முதல் வாரத்திலிருந்தே கீரையும் வெள்ளரியும் போட வேண்டும். இல்லாவிட்டால் வயிறு ஒட்டிச் செத்துப்போகும்.

இதுவும் அயல் மீன்தான், ஏரியில் விடக் கூடாது. ஏற்கெனவே முழங்கை நீளத்துக்கு வளர்ந்த டேங்க் க்ளீனரை வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் வாங்கிய கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம்; பெரிய தொட்டி வைத்திருப்பவர்களைக் கடைக்காரர்களுக்குத் தெரியும். வாங்க ஆளில்லை என்று கைவிரிக்கும் கடைகளும் உண்டு. அப்போது பக்கத்துத் தெருவில் ஏறி இறங்குங்கள். கொளத்தூரில் அடுத்த மீன் கடைக்கு அதிக தூரம் நடக்க வேண்டியிருக்காது.